மடிக்கணினி விசைப்பலகையும் தமிழ் எழுத்தும்: கருனியும் பயனர்வெளியும்

விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தினால் எந்த எழுத்து தோன்ற வேண்டும் என்பதை முடிவு செய்யும் அட்டவணை விசைப் பொருத்தம் எனப்படும். பார்வைக்கு எளிமையான இந்த அட்டவணையைக் கணினியின் எந்த அடுக்கில் வைப்பது என்பது இயங்குதளங்களின் வரலாறு நெடுகிலும் தொடர்ந்து வரும் கேள்வியாகும். இயங்குதளத்தின் உட்பகுதியான கருனியில் அதை வைக்கலாம். கருனிக்கு வெளியே, நாம் பயன்படுத்தும் மென்பொருள்கள் இயங்கும் பயனர்வெளியிலும் வைக்கலாம். ஒரு காலத்தில் அது எழுத்துருவுக்குள் ஒளிந்திருந்தது. அதற்கும் முன்பு தட்டச்சுப்பொறியின் எஃகில் வார்க்கப்பட்டிருந்தது.

இந்த இடங்களில் பெரும்பாலானவற்றில் தமிழ் குடியிருந்து பார்த்திருக்கிறது. ஒவ்வொரு முறை இடம் மாறியபோதும், அந்த அட்டவணையைத் திருத்தும் அதிகாரம் வேறொருவர் கைக்குச் சென்றது. விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் வாழ்வோர் தட்டச்சுப் பயிலகம், கணினி அச்சுக்கோப்புக் கடை, அரசின் விலையில்லா மடிக்கணினி, கைப்பேசி என்று இந்த மாற்றங்களை ஒரே தலைமுறைக்குள் கண்டவர்கள். அந்த வரலாற்றை லினக்ஸ் இயங்குதளத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. லினக்சின் மூலநிரல் எவரும் படிக்கத் திறந்திருப்பதால், எந்த வேலை எந்த அடுக்கில் நடக்கிறது என்பதை அதில் தெளிவாகக் காண முடியும்.

அடிப்படைச் சொற்கள்

கருனி: ஆங்கிலத்தில் கர்னல் எனப்படும் இது இயங்குதளத்தின் மையப் பகுதி. நினைவகம், வட்டு, விசைப்பலகை, திரை ஆகிய வன்பொருள்களுடன் நேரடியாகப் பேசும் உரிமை இதற்கு உண்டு. இதில் நேரும் பிழை கணினி முழுவதையும் நிறுத்திவிடக் கூடும்.

பயனர்வெளி: கருனிக்கு வெளியே உள்ள பகுதி. சொற்செயலி, உலாவி, தமிழ் உள்ளீட்டு மென்பொருள் ஆகியவை இங்கே இயங்குகின்றன. இங்கு ஒரு நிரல் பழுதானால் பெரும்பாலும் அந்த நிரல் மட்டுமே நிற்கும்.

வருடு எண்: விசையை அழுத்தியதும் விசைப்பலகையில் உள்ள சிறு சில்லு அனுப்பும் எண். "இந்த இடத்தில் உள்ள பொத்தான் அழுத்தப்பட்டது" என்பதே அதன் பொருள். அந்தப் பொத்தானின் மேல் என்ன எழுத்து அச்சிடப்பட்டுள்ளது என்பது விசைப்பலகைக்கே தெரியாது.

விசை எண்: வருடு எண்ணைக் கருனி ஒரு பொது எண்ணாக மாற்றுகிறது. லினக்சில் ஆங்கில 'கியூ' விசையின் எண் 16. ஆங்கில 'ஏ' விசையின் எண் 30. எந்த நிறுவனத்தின் விசைப்பலகையாக இருந்தாலும் இந்த எண் மாறாது.

எஃகில் இருந்த அட்டவணை

ஆங்கிலத் தட்டச்சுப்பொறியை 1870களில் ரெமிங்டன் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் ஒரு விசைக்கு ஒரு நெம்புகோல். நெம்புகோலின் நுனியில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இருந்தன. 26 எழுத்துகளைக் கொண்ட மொழிக்கு இந்த ஏற்பாடு போதுமானது. 247 எழுத்துகளைக் கொண்ட தமிழுக்கு அது போதவில்லை.

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர்களில் முதன்மையானவர் ஆர். முத்தையா. 1886ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் சுண்டிக்குழியில் பிறந்து, மலாயா, சிங்கப்பூர்ப் பகுதிகளில் வாழ்ந்த அவர் தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கான விசைப்பலகையை வடிவமைத்தார். எல்லா உயிர்மெய் எழுத்துகளுக்கும் தனி விசை வைக்காமல், பல எழுத்துகளுக்குப் பொதுவான குறிகளைத் தனியே பிரித்தார். புள்ளி போன்ற குறிகளுக்கு நகரா விசையைப் பயன்படுத்தினார். நகரா விசையை அழுத்தினால் குறி தாளில் விழும். ஆனால் தாள் ஏந்தி நகராது. அடுத்து அழுத்தும் மெய்யெழுத்து அதே இடத்தில் விழ, இரண்டும் சேர்ந்து ஓர் எழுத்தாகும். கையால் எழுதும்போது எழுத்துக்குப் பின் இடும் புள்ளியை, பொறியில் எழுத்துக்கு முன்பே இட வேண்டியிருந்தது. பொறியின் தேவைக்காக எழுதும் வரிசை மாறிய முதல் இடம் இது.

முத்தையாவின் வடிவமைப்பைக் கொண்டு செர்மனி நாட்டு நிறுவனம் பொறிகளைத் தயாரித்தது. அட்டவணை எஃகில் இருந்ததால், ஒரு விசையின் பொருளை மாற்ற வேண்டுமானால் தொழிற்சாலைக்கே போக வேண்டும். பயன்படுத்துபவர் அதற்கேற்பத் தம் விரல்களைப் பழக்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. பிற்காலத்தில் தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூடத் தட்டச்சுப் பயிலகங்கள் பெருகின. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இளநிலை, முதுநிலைத் தட்டச்சுத் தேர்வுகள் அரசுப் பணிக்கு வழி திறந்தன. அந்த விசை வரிசை இவ்வாறு பல்லாயிரம் பேரின் விரல்களில் நிலைத்துவிட்டது. இது பின்னர் கணினி விசைப்பலகையைத் தரப்படுத்தியபோது எதிர்கொள்ள வேண்டிய உண்மையாயிற்று.

எழுத்துருவில் ஒளிந்த அட்டவணை

1980களிலும் 1990களிலும் தனிமேசைக் கணினிகள் பரவியபோது, அவற்றின் இயங்குதளங்களுக்குத் தமிழ் தெரியாது. தமிழர்கள் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டனர். ஆங்கில எழுத்தின் உருவம் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து எழுத்துருக்களை உருவாக்கினர். பாமினி இத்தகைய எழுத்துருக்களில் ஒன்று. அதில் 'அம்மா' என்று தட்டினால் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளையே. எழுத்துரு மட்டுமே அவற்றைத் தமிழாகக் காட்டும்.

இந்த முறையில் கருனியில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. பயனர்வெளியிலும் தனி நிரல் தேவைப்படவில்லை. அதனால் வேகமாகப் பரவியது. ஆனால் எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பு பொருளற்ற ஆங்கிலக் குறிகளாகத் தெரிந்தது. தேடவோ அகர வரிசைப்படுத்தவோ முடியவில்லை. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் அட்டவணையை வைத்திருந்ததால், ஒரு கடையில் கோத்த பக்கத்தை இன்னொரு கடையில் திருத்த அதே எழுத்துருவைத் தேட வேண்டியிருந்தது. அச்சுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற சிவகாசியை அருகில் கொண்ட நம் பகுதியில், இந்தச் சிக்கல் அச்சுக்கோப்புக் கடைகளின் அன்றாட வேலையில் ஒன்றாக இருந்தது.

உள்ளீடு, சேமிப்பு, காட்சி ஆகிய மூன்றும் தனித்தனி வேலைகள். இவற்றை ஒரே அட்டவணையில் முடிச்சுப் போட்டால் மூன்றையும் ஒருசேரத் திருத்த முடியாமல் போகும் என்பதே இக்காலம் தந்த பாடம்.

தரப்படுத்தும் முயற்சிகள்

இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவாக இன்ஸ்கிரிப்ட் என்னும் விசைப்பலகை அமைப்பை நடுவண் அரசு 1980களில் உருவாக்கியது. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதல் பதிப்பில் தமிழுக்கு இடம் கிடைத்தது. எழுத்துருவைச் சாராமல் தமிழ் எழுத்துக்கே ஓர் எண் என்னும் நிலை அப்போது உருவாகத் தொடங்கியது.

1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. அதைத் தொடர்ந்து 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம்99 மாநாட்டில் விசைப்பலகைத் தரம் குறித்து முடிவு காணப்பட்டது. அங்கு உருவான தமிழ்99 அமைப்பைத் தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் தரமாக ஏற்றது. அதில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 விசைகளே அடிப்படை. உயிர்கள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்தன.

தமிழ்99இன் சிறப்பு அதன் இலக்கண அறிவாகும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தைத் தட்டினாலும் அப்படியே. எனவே 'அம்மா' என எழுத அ, ம, ம, ஆ என்னும் நான்கு விசைகள் போதும். 'இங்கே' என எழுத இ, ங, க, ஏ போதும். நகரா விசைக்காக முன்னால் போன புள்ளி, இங்கே தட்டுபவரின் கையை விட்டே நீங்கியது.

இன்ஸ்கிரிப்டில் அதே 'அம்மா' வேறு விதமாக உருவாகிறது. அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து விசைகள். ஒருங்குறியில் சேமிக்கப்படும் குறிகளும் இதே ஐந்து, இதே வரிசையில். அதாவது இன்ஸ்கிரிப்டில் ஒரு விசைக்கு ஒரு குறி என்பதே விதி. தமிழ்99இல் நான்கு விசைகள் ஐந்து குறிகளாகி, திரையில் மூன்று எழுத்துகளாகின்றன. இந்த வேறுபாடே அட்டவணையை எங்கு வைப்பது என்னும் கேள்வியை முடிவு செய்தது.

லினக்ஸ் கருனியும் பின்லாந்து விசைப்பலகையும்

ஒருங்குறி வெளியான அதே 1991இல், பின்லாந்தின் எல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருனியின் முதல் பதிப்பை வெளியிட்டார். அவர் மேசையில் இருந்தது பின்லாந்து விசைப்பலகை. எனவே அந்த நாட்டின் விசைப் பொருத்தம் கருனியின் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. மற்ற நாட்டவர் அதைப் பயன்படுத்த நிரலைத் திருத்தி, கருனியை மீண்டும் தொகுக்க வேண்டும். எஃகில் வார்த்த அட்டவணைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. தொழிற்சாலையின் இடத்தில் கருனியை எழுதுபவர் இருந்தார்.

அடுத்து வந்த பதிப்புகளில் வேறு சில நாடுகளின் அட்டவணைகள் சேர்க்கப்பட்டன. ஆனால் உலகின் எல்லா விசைப்பலகைகளையும் கருனிக்குள் அடைப்பது முடியாத காரியம் என்பது விரைவில் புரிந்தது. எனவே அட்டவணைக் கோப்பை வெளியில் வைத்து, கணினி தொடங்கும்போது கருனிக்குள் ஏற்றும் முறை வந்தது. அதைச் செய்யும் கட்டளைக்கு லோட்கீஸ் என்று பெயர். அட்டவணையை எழுதும் உரிமை பயனருக்கு வந்தது. அதை இயக்கும் வேலை மட்டும் கருனியிடம் தங்கியது.

வரைகலைத் திரை வேறு வழியில் சென்றது. 1987இல் உருவான எக்ஸ்11 சாளர முறை, கருனி தரும் விசை எண்ணை மட்டும் பெற்றுக்கொண்டு, எழுத்தைத் தானே தீர்மானித்தது. 1990களின் நடுவில் அதற்கு எக்ஸ்.கே.பி. என்னும் விரிவான விசைப் பொருத்த முறை அமைந்தது. இதன் அட்டவணைகள் வெறும் உரைக் கோப்புகள். இந்தியப் பகுதிக்கான கோப்பில் தமிழ் இன்ஸ்கிரிப்ட் அமைப்பும், தமிழ்99 விசை வரிசையைத் தழுவிய அமைப்புகளும் தன்னார்வலர்களால் சேர்க்கப்பட்டன. ஒருங்குறிக்கு முந்தைய டாப், திஸ்கி குறிமுறைகளுக்கும் தனித்தனி அமைப்புகள் இருந்தன.

தமிழ் ஏன் கருனிக்குள் அடங்கவில்லை?

ஐரோப்பிய மொழிகளில் எழுத்தின் மேல் வரும் ஒலிக்குறிகளுக்காக லினக்ஸ் கருனியிலும் நகரா விசை உண்டு. குறியை அழுத்தி, பிறகு எழுத்தை அழுத்தினால், இரண்டும் சேர்ந்த ஓர் எழுத்து கிடைக்கும். தட்டச்சுப்பொறியின் அதே கருத்துதான். கருனியின் இந்தச் சேர்க்கை அட்டவணையில் 256 இணைகளுக்கு மட்டுமே இடம்; இரு குறிகள் சேர்ந்து ஒரே ஒரு குறியாக வேண்டும் என்பது அதன் விதி.

தமிழில் 'கொ' என்பது ஒருங்குறியில் இரு குறிகள்: க என்னும் மெய்யும் ஒகரக் குறியும். 'க்' என்பதும் இரண்டு. ஆகவே இரண்டிலிருந்து ஒன்று என்னும் விதி தமிழுக்குப் பொருந்தாது. காட்சியிலும் தடை உண்டு. கருனியின் எழுத்து முனையம் அதிகபட்சம் 512 உருவங்களையே அறியும். ஒவ்வொரு குறியையும் ஒரு கட்டத்தில் வரையும். 'கெ' என்பதில் குறி எழுத்துக்கு இடப்புறம் வர வேண்டும், 'கொ' என்பதில் இருபுறமும் வர வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

பயனர்வெளியில் உள்ள எக்ஸ்.கே.பி.யும் தமிழ்99க்கு முழுமையாகப் போதவில்லை. அதற்கு முந்தைய எழுத்து என்ன என்னும் நினைவு இல்லை. தமிழ்99இல் ஆங்கில 'ஏ' விசை சொல்லின் தொடக்கத்தில் 'அ' என்னும் எழுத்தைத் தரும். ஆனால் மெய் விசைக்குப் பின் அதே விசை புதிய எழுத்து எதையும் காட்டாது. "இந்த மெய்யில் அகரம் ஏறிவிட்டது, அடுத்த எழுத்தைப் பார்த்துப் புள்ளி இடாதே" என்று மட்டும் சொல்லும். 'மமதை' என்று எழுத முதல் 'ம'வுக்குப் பின் அந்த விசையைத் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் 'ம்மதை' ஆகிவிடும். ஒரே விசைக்கு இடத்தைப் பொறுத்து இரு பொருள். ஒரு விசைக்கு ஒரு குறி என்னும் எந்த அட்டவணையாலும் இதைச் செய்ய இயலாது.

இதற்காகவே எக்ஸ்.கே.பி.க்கும் மேலே இன்னோர் அடுக்கு வந்தது. அது உள்ளீட்டு முறை எனப்படும். லினக்சில் ஐபஸ் போன்ற நிரல்கள், சப்பானில் உருவாக்கப்பட்ட எம்17என் நூலகத்தின் துணையுடன், தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சு, ஒலியியல் எனப் பல அமைப்புகளைத் தருகின்றன. ஒவ்வோர் அமைப்பும் ஓர் உரைக் கோப்பு. விண்டோசில் இந்தப் பணியை முரசு அஞ்சல், எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற மென்பொருள்கள் செய்தன. இவை யாவும் பயனர்வெளியைச் சேர்ந்தவை.

இப்போது ஒரு விசையின் பயணத்தைத் தொகுத்துப் பார்க்கலாம். ஆங்கில 'ஏ' விசையை அழுத்தியதும் விசைப்பலகை வருடு எண்ணை அனுப்புகிறது. கருனி அதை 30 என்னும் விசை எண்ணாக்குகிறது. எக்ஸ் சாளர முறை அதனுடன் 8 கூட்டி 38 ஆக்குகிறது. எக்ஸ்.கே.பி. அட்டவணை அந்த எண்ணுக்கு உரிய குறியைச் சொல்கிறது. உள்ளீட்டு முறை, முன்னால் தட்டியதை நினைவில் வைத்து, 'அ'வா அல்லது அகரம் ஏறிய மெய்யா என்று முடிவு செய்கிறது. வன்பொருளைப் பற்றிய அறிவு கீழேயும் மொழியைப் பற்றிய அறிவு மேலேயும் நிற்கின்றன.

மடிக்கணினியின் தனி விசைகள்

மேசைக் கணினியோடு இந்தப் பங்கீடு முடிந்திருந்தால் சிக்கல் இல்லை. மடிக்கணினிகளில் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும், ஒலியை நிறுத்தவும், கம்பியில்லா இணைப்பை அணைக்கவும் தனி விசைகள் வந்தன. இவற்றின் வருடு எண்களுக்குப் பொதுத் தரம் இல்லை. ஒரே நிறுவனத்தின் இரு மாடல்களில்கூட ஒரே விசை வெவ்வேறு எண்ணை அனுப்பியது. அடையாளம் தெரியாத எண் வந்தால், "தெரியாத விசை, செட்கீகோட்ஸ் கட்டளையால் இதை அறிமுகப்படுத்துக" என்னும் பொருள்பட லினக்ஸ் கருனி தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதி வைக்கும். சில மடிக்கணினிகளில் விசையை அழுத்திய செய்தி வரும், விட்ட செய்தி வராது. கருனியோ விசை இன்னும் அழுத்தப்பட்டே இருப்பதாக எண்ணிக்கொள்ளும்.

தொடக்கத்தில் இதற்குப் பயனர்வெளியில் தற்காலிக நிரல்கள் எழுதப்பட்டன. திங்க்பேட் மடிக்கணினிகளுக்கான ஒரு நிரல், சிறு நினைவகச் சில்லை அடிக்கடி எட்டிப் பார்த்து, ஏதேனும் விசை அழுத்தப்பட்டதா என்று கண்டறிந்தது. இது மின்கலத்தை வீணாக்கும் வழி. பின்னர் கருனியிலேயே தனி இயக்கிகள் எழுதப்பட்டு, இந்த விசைகளும் மற்ற விசைகளைப் போலவே செய்தி அனுப்பத் தொடங்கின. இந்த இடத்தில் கருனியே சரியான வீடாக இருந்தது. ஏனெனில் வன்பொருளைக் கேட்டறிவது அதன் வேலை.

ஆனால் ஒவ்வொரு மாடலுக்கும் உரிய எண் பட்டியலைக் கருனிக்குள் சேர்ப்பது வேறு விஷயம். சில நிறுவனங்களின் மாடல்களுக்கு அப்படிச் சேர்க்கவும் செய்தனர். புதிய மாடல்கள் வந்துகொண்டே இருந்ததால் பட்டியல் முடிவின்றி நீண்டது. ஒரு வரியைச் சேர்த்தாலும் அது அடுத்த கருனிப் பதிப்பில்தான் பயனரைச் சென்றடையும். எனவே 2009 அளவில் இந்தப் பட்டியல்கள் யுடெவ் என்னும் பயனர்வெளிக் கருவிக்கு மாற்றப்பட்டன. 2013இல் அவை வன்பொருள் தரவுத்தளம் என்னும் உரைக் கோப்பாக ஒழுங்குபடுத்தப்பட்டன. அதில் மடிக்கணினியின் நிறுவனப் பெயர், மாடல் பெயர், அதன்கீழ் "இந்த வருடு எண் இந்த விசை" என்று ஒரு வரி. விட்ட செய்தி வராத விசை என்றால் முன்னால் ஓர் ஆச்சரியக்குறி. கணினி தொடங்கும்போது யுடெவ் அந்த வரியைப் படித்துக் கருனியிடம் ஒப்படைக்கிறது. கருனி இயந்திரத்தை இயக்குகிறது. எந்த மாடலுக்கு எந்த எண் என்னும் விவரம் வெளியில் தங்குகிறது.

255 என்னும் எல்லை

1987இல் எக்ஸ்11 வகுக்கப்பட்டபோது விசை எண்ணுக்கு ஒரு பைட்டு ஒதுக்கப்பட்டது. எனவே 8 முதல் 255 வரையிலான எண்களே அதில் செல்லும். கருனியின் எண்ணோடு 8 கூட்டப்படுவதால், 247க்கு மேற்பட்ட கருனி எண்கள் எக்ஸ் சாளர முறையைச் சென்றடையா. ஒலிவாங்கியை நிறுத்தும் விசைக்குக் கருனி வழங்கிய எண் 248. ஒரே ஓர் எண்ணில் அது எல்லையைத் தாண்டிவிட்டது. அதனால் வன்பொருள் தரவுத்தளத்தில் பல மடிக்கணினிகளின் ஒலிவாங்கி விசை, யாரும் பயன்படுத்தாத எஃப்20 விசையாக மாற்றி எழுதப்பட்டது. 2012இல் முதல் நிலையான பதிப்பைக் கண்ட வேலேண்ட் முறையில் இந்த எல்லை இல்லை. ஓர் அடுக்கில் எப்போதோ எடுத்த முடிவு, கால் நூற்றாண்டு கழித்து வேறோர் அடுக்கில் ஒட்டுப்போட வைத்ததற்கு இது சான்று.

பாதுகாப்பு

அட்டவணையைக் கருனியில் வைப்பதில் பாதுகாப்புச் சிக்கலும் உண்டு. விண்டோசில் விசைப்பலகை அமைப்புக் கோப்புகளை ஏற்றும் வேலையைக் கருனி நிலையில் இயங்கும் பகுதி செய்கிறது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல், பழைய விண்டோஸ் பதிப்புகளில் இந்த ஏற்றும் பகுதியில் இருந்த பிழையைப் பயன்படுத்திக் கணினியின் முழு அதிகாரத்தைக் கைப்பற்றியது. மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டில் திருத்தம் வெளியிட்டது. வெறும் எழுத்து அட்டவணையும் கருனியின் வாசலில் நின்றால் ஆயுதமாகலாம் என்பதை உலகம் அப்போது கண்டது.

பயனர்வெளியும் முற்றிலும் பாதுகாப்பானதன்று. எக்ஸ்11 முறையில் ஒரு நிரல் மற்றொரு நிரலில் தட்டப்படும் விசைகளை ஒட்டுக்கேட்க முடியும். கடவுச்சொல்லும் அதில் அடங்கும். வேலேண்ட் இதைத் தடுக்கிறது. உள்ளீட்டு முறை நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் காண்பதால், அதை நம்பகமான இடத்திலிருந்து மட்டுமே பெற வேண்டும்.

விலையில்லா மடிக்கணினிகள்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. கொள்முதலை எல்காட் நிறுவனம் மேற்கொண்டது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவற்றில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடம்பெற்றது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ், நடுவண் அரசின் சி-டாக் நிறுவனத்தால் சென்னையில் உருவாக்கப்பட்டதாகும்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நூற்பாலைத் தொழிலாளர், கைத்தறி நெசவாளர், விவசாயக் கூலியாளர் ஆகியோரின் பிள்ளைகள் பலருக்கு அதுவே வீட்டின் முதல் கணினி. விசைகளின் மேல் அச்சிடப்பட்டிருந்தவை ஆங்கில எழுத்துகளே. தமிழ் இல்லாத விசைப்பலகையில் தமிழ் எழுத வரும் என்பதை யாராவது சொல்லித் தந்தால்தான் தெரியும். உள்ளீட்டு முறையைத் திறக்கத் தெரியாத மாணவர் தமிழை ஆங்கில எழுத்திலேயே தட்டிப் பழகினார். அந்தப் பழக்கம் கைப்பேசிக்கும் தொடர்ந்தது. மொழியறிவு பயனர்வெளியில் இருப்பதன் மறுபக்கம் இது. யாரும் மாற்றலாம் என்னும் உரிமை, யாராவது நிறுவித் தர வேண்டும் என்னும் பொறுப்பையும் கூடவே கொண்டுவருகிறது.

பழுது எந்த அடுக்கில்?

விசை வேலை செய்யாதபோது மாணவர்கள் அடுக்குகளைக் கீழிருந்து மேலாகச் சோதிக்கலாம்.

1. எந்த மென்பொருளிலும், எந்த மொழியிலும் விசை வேலை செய்யவில்லை என்றால் விசைப்பலகையையோ கருனியையோ ஐயுற வேண்டும். லினக்சில் ஈவ்டெஸ்ட் என்னும் கருவி, கருனிக்கு என்ன எண் வருகிறது என்று காட்டும்.

2. எதுவும் வராமல், கருனிப் பதிவேட்டில் தெரியாத விசை என்னும் வரி இருந்தால், வன்பொருள் தரவுத்தளத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். கருனியைத் தொட வேண்டியதில்லை.

3. கருனிக்குச் சரியான எண் வந்தும் தவறான எழுத்து தோன்றினால், எக்ஸ்.கே.பி. அமைப்பைப் பார்க்க வேண்டும்.

4. ஆங்கிலம் சரியாக வந்து, தமிழில் மட்டும் புள்ளி விழவில்லை என்றால் உள்ளீட்டு முறையே காரணம். தமிழ்99 என்ற பெயரில் எக்ஸ்.கே.பி. அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தானியங்கிப் புள்ளியை எதிர்பார்ப்பது பலருக்கு நேரும் குழப்பம்.

5. எழுத்து சரியாகச் சேமிக்கப்பட்டும் கட்டங்களாகத் தெரிந்தால், பழுது எழுத்துருவில் உள்ளது.

இன்றைய நிலை

2023இல் வெளிவந்த லினக்ஸ் 6.3 பதிப்பில், உள்ளீட்டுக் கருவிகளின் குறைகளைத் திருத்தும் சிறு நிரல்களைப் பயனர்வெளியிலிருந்து கருனிக்குள் பாதுகாப்பாக ஏற்றும் வசதி சேர்ந்தது. ஏற்றுவதற்கு முன் அந்த நிரல் தீங்கற்றதா என்று கருனி சரிபார்க்கும். கருனியா பயனர்வெளியா என்னும் பழைய கேள்விக்கு இது ஓர் இடைவழி.

கைப்பேசியில் விசைப்பலகையே திரையில் வரையப்படும் படமாகிவிட்டது. செல்லினம் போன்ற செயலிகளில் தமிழ்99 அமைப்பு முழுவதும் பயனர்வெளியில் இயங்குகிறது. விசையின் மேல் தமிழ் எழுத்தே தெரிகிறது. மறுபுறம், தட்டச்சுப் பயிலகங்களில் பழைய விசை வரிசை இன்றும் கற்பிக்கப்படுகிறது. அதைப் பழகியவர்களுக்கும் கணினியில் அதே வரிசையில் தமிழ் எழுத உள்ளீட்டு முறைகள் இடம் தருகின்றன.

எஃகில் இருந்தபோது அட்டவணையைத் திருத்தத் தொழிற்சாலை தேவைப்பட்டது. எழுத்துருவில் இருந்தபோது அதை வரைந்தவர் தேவைப்பட்டார். கருனிக்குள் இருந்திருந்தால் உலகின் சில நூறு வல்லுநர்களின் ஒப்புதல் தேவைப்பட்டிருக்கும். தமிழ்99இன் விதிகளும் மடிக்கணினி விசைகளின் பட்டியலும் இன்று உரைக் கோப்புகளாக உள்ளன. அவற்றில் ஒரு பிழையைக் கண்டால், திருத்தி அனுப்ப ஒரு மாணவருக்குத் தேவைப்படுவது உரைத் திருத்தியும், தாம் தட்டும் மொழியின் இலக்கணம் பற்றிய தெளிவும் மட்டுமே.